அட்டையில் யாரைப் போடுவது?

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டுப் புத்தக அலமாரி முன்னால் பத்து நிமிஷம் நின்றால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இங்கிலீஷ் புத்தகத்தின் முதுகில் பெயர் மேலிருந்து கீழே இறங்கும். தலையை வலப்பக்கம் சாய்த்துப் படிக்க வேண்டும். பிரெஞ்சுப் புத்தகத்தில் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறும்; இடப்பக்கம் சாய்க்க வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் இங்கிலீஷ்காரன் வழியிலேயே போய்விட்டன. மூன்று மொழியும் கலந்து அடுக்கிய அலமாரியில் ஒரு பெயரைத் தேடுகிறவர் தலையாட்டிப் பொம்மை மாதிரிதான் நிற்பார்.

முதுகு, அட்டை, தையல் எல்லாம் எனக்குப் பிழைப்பு. அப்பா முத்தியால்பேட்டையில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். நான் அங்கே பசை காய்ச்சி வளர்ந்து, பிறகு டி.டி.பி. கற்று, இப்போது பதிப்பகங்களுக்கு அட்டை வடிவமைக்கிறேன். புத்தகம் செத்துப் போகும் என்று முதலில் ரேடியோ காலத்தில் சொன்னார்களாம். டிவி வந்தபோது சொன்னதை நானே கேட்டேன். செல்போன் வந்தபோது சொன்னவர்களில் இரண்டு பேர் என்னிடம் கவிதைத் தொகுப்புக்கு அட்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அப்பாவின் பட்டறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர்கள் கொண்டுவரும் பிரெஞ்சுப் புத்தகங்களில் படமே இருக்காது. பாரிஸில் காலிமார் பதிப்பகம் 1911இல் தொடங்கிய நாவல் வரிசை இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. வெளுத்த மஞ்சள் தாள், சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு, அதற்குள் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள், நடுவில் ஆசிரியர் பெயர், நூலின் பெயர். அவ்வளவுதான். அந்த நாட்டில் வெகுகாலம் புத்தகத்தைச் சும்மா ஒரு தாள் அட்டை சுற்றித்தான் விற்றார்கள். வாங்குகிறவர் தன் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்பத் தோலிலோ துணியிலோ பைண்டு செய்துகொள்வார். "அந்த மேல்தாளைக் கிழிச்சிடாதே தம்பி, உள்ளேயே வெச்சுத் தைச்சிடு" என்பார் ஒரு பெரியவர். எதுவுமே இல்லாத அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னொரு வகை, தொடர்கதைக்காரர்கள். அதிகமும் பெண்கள். 'கல்கி', 'குமுதம்' இதழ்களை வருஷக் கணக்கில் சேர்த்துவைத்து, ஒருநாள் கோணிப்பையோடு வந்து இறங்குவார்கள். பின்னைப் பிடுங்கி, தொடர் வந்த தாள்களை மட்டும் அறுத்தெடுத்து, வார வரிசைப்படி அடுக்குவது என் வேலை. தனித்தனித் தாள் என்பதால் மடிப்பில் தைக்க முடியாது. ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டுப் பக்கத் தையல்தான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை. முதுகுக்குக் காலிகோ துணி. மேலே கனத்த அட்டை. பக்கத் தையல் போட்ட புத்தகம் விரிந்து படியாது. உள்மடிப்பில் வார்த்தையின் வால் சிக்கிக்கொள்ளும். அதைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. கதை ஓடும் தாளின் மறுபக்கம் கூந்தல் தைல விளம்பரமோ பாதி நறுக்கிய ஜோக்கோ இருக்கும். அதுவும் சேர்ந்துதான் நாவல். குருசுக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மாளின் தாள் கட்டுக்கு நடுவே ஒரு வாரம் மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவால் எழுதியிருந்தது. இதழ் கிடைக்காத வாரத்தைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அத்தியாயம் முழுக்கக் கையால் பெயர்த்து எழுதியிருக்கிறார். படம் இருந்த இடத்தில் ஒரு சதுரம் போட்டு, உள்ளே 'படம்' என்று எழுதிவைத்திருந்தார்.

அந்தச் சதுரத்தை நான் மறக்கவில்லை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்தார். கல்கி அவரை அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் அழைத்துப் போனது நகைக்கும் கொண்டைக்கும் தூணுக்கும் சான்று பார்க்கத்தான். வந்தியத்தேவனுக்கு ஒரு முகம் உண்டென்றால் வெகுகாலம் அது மணியம் கொடுத்த முகம். சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கு லதா. வாசகர் மனதில் சோழர் காலம் என்று பதிந்திருப்பதில் பெரும்பங்கு இந்த ஓவியர்களின் கைவேலை என்று நான் தயங்காமல் சொல்வேன். வரலாற்றுப் பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. டிசம்பரில் இங்கே வேல். சொக்கநாதன் திருமண நிலையத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். கடைக்குக் கடை 'பொன்னியின் செல்வன்' அடுக்கியிருக்கும். உள்ளே ஒரே கதை. விலையும் தாளும் அட்டையும்தான் வேறு. அட்டை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பரிசோதனைச் சாலை கிடையாது. பெரியவர்கள் பழைய ஓவியம் உள்ள பதிப்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள். 2022இல் மணிரத்னம் படம் வந்தபிறகு வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகள் நடிகர்களின் சாயல் உள்ளதைத் தேடுகிறார்கள். ஒன்று மட்டும் மாறுவதில்லை. சரித்திர நாவலென்றால் அட்டையில் குதிரை வேண்டும், வாள் வேண்டும், முடிந்தால் ஒரு இளவரசி.

எங்கள் ஊர்க் கதைக்கு வரும்போது இந்தச் சூத்திரம் படுத்துவிடுகிறது.

புதுச்சேரிக்குச் சொந்தமாக ராஜா இல்லை. எங்கள் சரித்திரத்தின் நாயகன் ஒரு வியாபாரி. ரங்கப்பிள்ளை வீதிக்குப் பெயர் கொடுத்தவர். ஆனந்தரங்கப்பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பிள்ளைப் பிராயத்தில் இங்கே வந்து, கவர்னர் டூப்ளேவுக்குத் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆனவர். 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரியில் சாகும்வரை தான் கண்டது, கேட்டது, தெருவில் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார்கள், டூப்ளேயின் மனைவி எந்தக் காரியத்தில் மூக்கை நுழைத்தார், சர்ச்சுக்குள் சாதி பிரித்த சுவரால் வந்த தகராறு என்று எல்லாம் இருக்கிறது. அரசவைப் புலவனுக்கு இப்படி எழுத வராது. கணக்கு எழுதிப் பழகிய கைக்குத்தான் வரும். சாயங்காலம் பெட்டியடியில் உட்கார்ந்து பற்று வரவைச் சரிபார்க்கிற அதே கண்ணால் அவர் மனிதர்களையும் சரிபார்த்திருக்கிறார்.

அந்த நாட்குறிப்பு புத்தகமான கதையே ஒரு நாவல். பிள்ளை இறந்தபின் வாரிசுகள் வீட்டில் கிடந்தது. 1846இல் கல்லுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. பிறகு படியெடுத்தார்கள், பிரதிகள் பாரிஸ் தேசிய நூலகம்வரை போயின. சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928 வரை அதை 12 தொகுதிகளாக இங்கிலீஷில் வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948இல், இந்த ஊர்க் கொடிக்கம்பத்தில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தபோது. லண்டனில் உட்கார்ந்து முதல் தொகுதியைப் படித்தவருக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் பிந்தித்தான் ரங்கப்பிள்ளை வீதிக்காரருக்கு அது அச்சில் கிடைத்திருக்கிறது. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

அச்சில் வந்துவிட்டால் போதுமா? 18ஆம் நூற்றாண்டு நடை. புள்ளி, நிறுத்தம் என்று ஒன்றும் பெரிதாக இல்லாத வாக்கியங்கள். பாரசீகம், பிரெஞ்சு, தெலுங்கு என்று பல மொழிச் சொற்கள். ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள், சாதாரண ஜனம் படிக்கவில்லை. அவர்களைப் படிக்க வைத்தவர் பிரபஞ்சன். இதே ஊர்க்காரர், வைத்தியலிங்கம் என்பது இயற்பெயர், 1945இல் பிறந்தவர். பிள்ளையின் குறிப்புகளை முதுகெலும்பாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது. ராஜாவும் ராணியும் ஓரத்துக்குப் போய், கூலிகளும் தாசிகளும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் நடுவே வந்து நின்றார்கள்.

அவற்றைப் படிக்கும்போது எனக்கு வேறொரு சுகம். தஞ்சாவூரைப் பற்றிப் படித்தால் தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டும். இதில் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் கதை நடந்த இடம் வந்துவிடுகிறது. சரித்திர நாவலின் பிடி வீரத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது தெருவில் இருக்கிறது என்பது என் கட்சி. நாம் காய்கறி வாங்கும் இடத்தில் முன்னூறு வருஷத்துக்கு முன் ஒருவன் கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவாய்ப் போனான் என்று தெரிந்ததும் அந்த இடம் வேறாகிவிடுகிறது.

இனி அட்டைக்கு வருவோம். இந்தக் காலத்தைப் பற்றி எழுதிய நாவல் ஒன்றுக்கு அட்டை கேட்டு வந்தார் ஒரு பதிப்பாளர். "பாண்டிச்சேரின்னு பார்த்ததும் தெரியணும் சார். மஞ்சள் சுவர், நீலக் கதவு, மேலே காகிதப்பூ தொங்கணும்" என்றார். இன்று இந்த ஊரைப் பற்றி வரும் பத்துப் புத்தகத்தில் ஏழெட்டுக்கு அதுதான் முகம். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் காலை ஏழு மணிக்குப் போனால் அந்தச் சுவரோரம் கல்யாணப் போட்டோ எடுப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டூப்ளே காலத்து நாவலுக்கு அது பொய்.

1761 ஜனவரி 16இல் ஊர் இங்கிலீஷ்காரன் கையில் விழுந்தது. பிள்ளை இறந்து நாலே நாள். பிறகு அவர்கள் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று பாரதி பூங்கா இருக்கும் பக்கம் நின்ற லூயி கோட்டையின் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. நாம் படமெடுக்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழும்பியவை. காகிதப்பூ இன்னும் மோசம். அது தென் அமெரிக்கச் செடி. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில் போன தாவரவியலாளர் 1767இல் பிரேசிலில் கண்டு குறித்துக்கொண்டது. டூப்ளே பதவி இழந்து கப்பலேறியது 1754இல். அவர் வீட்டு மதிலில் அந்தப் பூ எப்படித் தொங்கும்? சொன்னேன். பதிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ ஒரு குதிரை போட்டுடலாமா?"

அட்டையில் பொய் இருந்தால் என்ன, கதைதானே என்று கேட்கலாம். மணியம் அஜந்தாவுக்குப் போனாரே, அது ஒன்றே எனக்குப் பதில்.

நான் அவரிடம் கேட்டது ஒரு நிறம். அவுரிச் சாயம் தோய்த்த கருநீலத் துணி. பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று சொன்ன இந்த நீலத் துணி புதுச்சேரியில் தயாராகி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைவரை போய் விற்றது. செனெகலில் அது பணத்துக்குப் பதிலாகக்கூடச் செலாவணி ஆனது. டூப்ளேயின் பீரங்கியைவிட இந்த ஊரை நிறுத்திவைத்தது தறியும் சாயத் தொட்டியும்தான். ஆகவே முழு அட்டையும் அந்த நீலம். நடுவில் கணக்குப் புத்தகத்துக்கு ஒட்டுவது போல ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் கையெழுத்தில் நூலின் பெயர். வேறு படமில்லை. சொல்தா பெரியவரின் வெற்றுத் தாள் அட்டையில் என்ன இருந்தது என்பது இதை வரைந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

வெறும் எழுத்தை நம்பி அட்டை போடுவது தமிழுக்குப் புதிதில்லை. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகள் சிற்றிதழ்களிலும் நாவல்களிலும் படமாகவே நின்றன. 'க்ரியா' ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய பதிப்பகம் தாள், எழுத்து, வெற்றிடம் எல்லாவற்றையும் யோசித்துச் செய்தது. அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வரும். ஆனால் அவர்களுக்குப் போன் திரை என்ற எஜமானன் இல்லை. எனக்கு இருக்கிறான். இன்று வாசகர் அட்டையை முதலில் பார்ப்பது கடையில் அல்ல, போனில், தபால்தலை அளவில். "டார்க் கலர் போன்ல எடுக்காது சார், கறுப்பா ஒரு கட்டம்தான் தெரியும்" என்றார் பதிப்பாளர். அதில் நியாயம் உண்டு. சீட்டைப் பெரிதாக்கினேன், எழுத்தைத் தடிமனாக்கினேன், நீலத்தை அரைப்படி வெளுப்பாக்கினேன்.

இதற்குள் முதுகுக் கணக்கு வேறு. அட்டை என்பது முன்பக்கம் மட்டுமில்லை. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் ஒரே நீளத் தாளில் அச்சாகும். முதுகின் அகலம் தாளைப் பொறுத்தது. 400 பக்கம் என்றால் 200 தாள். கொஞ்சம் கனத்த தாளாயிருந்தால் முதுகு 2 சென்டிமீட்டரைத் தொடும். கடைசி நேரத்தில் செலவு பார்த்து மெல்லிய தாளுக்கு மாறினால் முதுகு சுருங்கும். நடுவில் இருக்க வேண்டிய பெயர் மூலை திரும்பி முன்னட்டையில் எட்டிப் பார்க்கும். அச்சகத்தில் எந்தத் தாள் என்று எழுதி வாங்காமல் நான் முதுகை முடிப்பதில்லை. பிளாக் காலத்தில் வேறு தொல்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிளாக். ரிஜிஸ்டர் ஒரு நூல் விலகினால் ராணியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்காரும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் பரப்பியிருக்கும் நடைபாதையில் அந்த ராணிகளை இன்னும் பார்க்கலாம். நான் அவற்றை விடாமல் வாங்குவேன்.

நாவல் நீல அட்டையோடு வந்தது. எப்படி விற்றது என்று கேட்காதீர்கள். பதிப்பாளர் அடுத்த புத்தகத்துக்கும் என்னிடமே வந்தார், அதுவரைக்கும் சரி.

இந்த ஊர்க் கதை பிரபஞ்சனோடு நிற்கவில்லை. பிரான்ஸில் வாழும் புதுச்சேரிக்காரர் நாகரத்தினம் கிருஷ்ணா 'நீலக்கட'லில் மொரீஷியஸுக்குப் போன தமிழர்களைத் தொட்டார். அரி கோத்தியே குருசுக்குப்பத்து மனிதர்களைப் பிரெஞ்சிலேயே நாவலாக்கினார். பெயர் என்னவோ 'திண்ணை'. பிள்ளையின் நாட்குறிப்பும் 2019இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பிக்க, வந்தவாசி அகநி வெளியீடாக 12 தொகுதிகளில் தமிழில் வந்தது. பதிப்பாசிரியர்கள் இருவருமே சரித்திர நாவலாசிரியர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜேந்திரனின் 'காலா பாணி'க்கு 2022இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வெண்ணிலா ராஜேந்திர சோழனை வைத்து 'கங்காபுரம்' எழுதியிருக்கிறார். மூலத்தைத் தொட்டவர்களை மூலம் சும்மா விடுவதில்லை போலும்.

12 தொகுதி என்றதும் மலைக்க வேண்டாம். முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் பலர் கப்பல் சரக்குப் பட்டியலிலேயே கரைதட்டி நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நேரே 1748ஐ எடுங்கள். இங்கிலீஷ் தளபதி போஸ்கவனின் படை ஊரை முற்றுகையிட்டுக் குண்டு வீசுகிறது. அந்த வருஷம் செப்டம்பரில், மிஷன் வீதி சம்பா கோயிலை ஒட்டி அப்போது இருந்த வேதபுரீசுவரர் கோயிலை உள்ளூரிலேயே இடிக்கிறார்கள். பிள்ளை அதைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டே, கவர்னர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அக்டோபரில் மழை வந்து முற்றுகை கலைகிறது. அந்தச் சில வாரங்களைப் படித்துவிட்டு 'வானம் வசப்படு'த்துக்குப் போங்கள். தொகுதிகளின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அருங்காட்சியகத்தை ஒட்டி 1827லிருந்து இயங்கும் ரோமன் ரோலன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். போகும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், எழுத்து பொடி.